அதிர்வு ஐயாவின் செம்புத் தகடு

செவ்வாய்க்கிழமை வந்தால் போதும், அந்தத் தெருவில் ஆள் நடக்க இடமிருக்காது. நடைபாதை நெடுகிலும் ஸ்பீக்கர் பெட்டிகள் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும், அதைப் பெற்றவர் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒருவர். கைவண்டியில் வந்த பெட்டி, இரண்டு பேர் தோளில் வந்த பெட்டி, காய்ச்சல்காரக் குழந்தையைப் போலப் போர்வை சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்ட பெட்டி. ஒருவர் அடிக்காத அழைப்புமணியோடு வந்திருந்தார். ஒரு அம்மா பெட்டி எதுவும் இல்லாமல் தன் கணவரை மட்டும் இழுத்து வந்திருந்தார். அவருக்குக் குறட்டை.

எல்லாரும் அதிர்வு ஐயாவைப் பார்க்க வந்தவர்கள்.

அதிர்வு ஐயா வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். கழுத்தில் டாக்டர் குழாய் தொங்கும். டாக்டரா என்று கேட்டால் சிரிப்பார். இல்லையா என்று கேட்டாலும் அதே சிரிப்புத்தான். பெட்டியின் முன்துணியில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். "கண்ணேறு" என்பார், அல்லது "பொறாமைக் காற்று" என்பார். பிறகு அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு ஒட்டுவார். ஒட்டினால் பெட்டி கிழியாது, கரகரக்காது, கூடவே வீட்டுச் சண்டையும் குறையும் என்று வரிசையில் சொல்லிக்கொண்டார்கள். அது எப்படி என்று கேட்டவன் வரிசையில் கடைசிக்குத் தள்ளப்பட்டான்.

அன்றைக்கு அந்த வரிசையில் பதினோராவதாக நின்றவளைக் குழுவில் பட்டியல் என்று கூப்பிடுவார்கள். எதைச் செய்தாலும் நோட்டில் எழுதுவாள், அதனால் வந்த பெயர். பகலில் ஒரு சலவைக்கடையில் வேலை. வரும் துணிக்கெல்லாம் சீட்டு எழுதிக் குத்துவது, எந்த மெஷினில் எத்தனை கிலோ போட்டோம் என்று குறிப்பது. மாலையில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் வகுப்பு. சனி, ஞாயிறுகளில் சித்தப்பாவின் பாட்டுக் குழுவில் தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டார். நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஒரே வரியை எழுதி வைப்பாள்: "ஒருவேளை நான்தான் தப்போ?" அந்த வரியைத் தினமும் எழுதியே அவளுக்குக் கையெழுத்து அழகாகிவிட்டது.

அவளுக்குப் பக்கத்தில் சித்தப்பா நின்றார். குழுவின் தலைவர், முதல் பாடகர், மேடைக்கு வெளியிலும் மைக் பிடித்த மாதிரியே பேசுபவர்.

"இதான் கடைசி வாட்டி, சொல்லிட்டேன்" என்றார். "ஐயா இன்னைக்கும் உன் விரல்ல சூடுன்னு சொல்லிட்டார்னா, ஞாயித்துக்கிழமை மேடைக்கு நீ வேணாம்மா. பேஸை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

"சரி சித்தப்பா. சூடுன்னு நிரூபிச்சார்னா நானே கழட்டிக் கொடுத்துடறேன்."

"நிரூபிக்கிறதாவது! ஐயா சொன்னா அதான் நிரூபணம்."

விஷயம் இதுதான். குழுவிடம் இருந்தவை மூன்று பெட்டிகள், மூன்றும் கிட்டாருக்கானவை. கிட்டார் வாசிப்பவன் வாங்கியவை. பேஸ் கிட்டாரும் அதிலேயே போகட்டும் என்று சித்தப்பா முடிவு செய்தார். "பெட்டி பெட்டிதானே? சத்தம் வந்தாச் சரி" என்றார். சத்தம் வந்தது. கூடவே கிழிசலும் வந்தது. நான்கு மாதத்தில் மூன்று பெட்டிகளிலும், அதிர்ந்து சத்தம் எழுப்பும் ஸ்பீக்கர் காகிதங்கள் வரிசையாகப் பிய்ந்தன. மூன்றாவது, ஒரு கல்யாண வரவேற்பில், மாப்பிள்ளை மேடையேறும் நேரம் பார்த்துப் பிய்ந்தது. பெட்டி எழுப்பிய ஓசையைக் கேட்டு மாப்பிள்ளையின் மாமா மாப்பிள்ளையைத்தான் முறைத்தார்.

சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதிர்வு ஐயாவிடம் ஓடினார். அவளும் பின்னால் போனாள். ஐயா குழாயை வைத்துக் கேட்டார். "யார் வாசிக்கிறது?" என்றார். "அண்ணன் பொண்ணு" என்றார் சித்தப்பா. ஐயா அவள் விரல்களைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியே பார்த்துவிட்டு, சூடு பட்டவர் மாதிரி கையை உதறினார்.

"விரல்ல அக்கினி. இந்தக் கை தந்தியைத் தொட்டா எந்தக் காகிதம் தாங்கும்?"

"இப்ப என்ன ஐயா பண்றது?"

"குளிர்ந்த விரல் வேணும். என் மச்சானுக்குக் குளிர்ந்த விரல். வேணும்னா அனுப்பறேன்."

மச்சான் அப்போது மூலையில் உட்கார்ந்து வெற்றுத் தந்தியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய விரல் குளிர்ச்சியோ என்னவோ, வாசிப்பு உறைந்து போயிருந்தது.

அன்று மாலை வகுப்புக்குப் பிறகு பட்டியல் நோட்டைப் பிரித்தாள். தேதி, பெட்டி, வாசித்தவர், ஒலித் திருகு எந்த எண்ணில் இருந்தது, என்ன ஆயிற்று. எல்லாம் வரிசையாக இருந்தது. திருகு நான்குக்குள் இருந்த பதினொரு மேடைகளில் ஒன்றும் ஆகவில்லை. எட்டுக்கு மேல் போன மூன்று தடவையும் பெட்டி பிய்ந்தது. அதிலும் இரண்டாவது தடவை வாசித்தது அவளே இல்லை. அவள் வருவதற்குள் சத்தம் சரிபார்க்கிறேன் என்று சித்தப்பாதான் எடுத்து, ஒன்பதில் வைத்து, இடி மாதிரி ஒரு தட்டு தட்டினார்.

சலவைக்கடையிலும் அவள் இதைப் பார்த்திருக்கிறாள். சின்ன மெஷினில் இரட்டைக் கம்பளியைப் போட்டுச் சுழல விட்டால் மெஷின் தடதடவென்று ஆடி, இடத்தை விட்டு நகர்ந்து, வாசல் வரை போய்விடும். அதற்காக யாரும் மெஷினுக்குத் தகடு ஒட்டவில்லை. "பெரிய கம்பளியப் பெரிய மெஷின்ல போடுடி" என்று முதலாளியம்மா கத்துவார், அவ்வளவுதான். பேஸும் கம்பளி மாதிரிதானே? தாழ்ந்த சுரத்துக்கு ஸ்பீக்கர் காகிதம் முன்னும் பின்னும் வெகுதூரம் போய்வர வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் குட்டையாகத் துள்ளப் பழகியது. மெல்ல வாசித்தால் சமாளிக்கும். அதட்டினால் பிய்யும்.

நோட்டைச் சித்தப்பாவிடம் காட்டினாள். அவர் இரண்டாவது வரியில் தன் பெயரைப் பார்த்தார். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"உன் சூடு பெட்டில தங்கியிருக்கும்மா. நான் தொட்டதும் வெளிய வந்துடுச்சு."

இதற்கு மேல் என்ன சொல்வது? பக்கத்தின் அடியில் வழக்கமான வரியை எழுதினாள்.

ஆனால் எழுதிய பிறகும் ஒன்று உறுத்தியது. ஐயாவின் அறையில் ஒரு மேடை உண்டு. முழங்கால் உயரம், சிவப்புக் கம்பளம் போர்த்தியது. தகடு ஒட்டுமுன் பெட்டியை அதில் ஏற்றுவார்கள். பெட்டியில் ஐயா மாட்டும் ஒயர் கம்பளத்தில் உள்ள ஒரு ஓட்டைக்குள் போகும். மச்சான் ஓரமாக நின்று ஒரு பேஸ் வாசிப்பார். தகரடப்பாவில் கல் உருட்டிய மாதிரி சத்தம் வரும். ஐயா தகடு ஒட்டுவார். மச்சான் மறுபடி வாசிப்பார். தரையே குலுங்கும்! கூட்டம் "ஆகா" என்று நெஞ்சில் கை வைக்கும்.

அவள் அன்றைக்கு எழுதியிருந்தது: "தரை குலுங்கியபோது பெட்டியின் முன்துணி அசையவில்லை. மேடையோரம் நின்ற என் உள்ளங்காலில் குறுகுறுப்பு." அதன் கீழே: "கால் மரத்திருந்ததோ? கண் சரியாகத் தெரியவில்லையோ?"

அவளுடைய கண் சரிதான் என்று அவளிடம் சொல்ல யாரும் இல்லை. அதனால் ஒரு சோதனை வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். திங்கள் மாலை பெட்டி ஒன்றின் பின்பலகையில் ஆறு திருகுகளைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். மறுபடி கழற்றினாள். சரியாகச் செய்தோமா என்று மூன்று தடவை பார்த்த பிறகுதான் தூக்கம் வந்தது.

"பதினொண்ணு!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

சித்தப்பாவும் கிட்டார்காரனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அறை நிறைய ஆட்கள். உள்ளே விடும் முறை வந்தவர்கள் போக, சும்மா பார்க்க வந்தவர்களே பாதி. குறட்டைக்காரரின் மனைவி அவரை மேடையின் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார். அவர் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து, தன் நோயைக் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

பட்டியல் ஒரு ஒட்டிய உறையைச் சித்தப்பாவின் சட்டைப்பையில் வைத்தாள்.

"என்னது இது?"

"இப்பத் திறக்காதீங்க சித்தப்பா. நான் சொல்றப்பப் படிங்க."

"ராஜினாமாக் கடுதாசியா?"

"அப்படியும் ஆகலாம்."

ஐயா வந்தார். பெட்டியின் முன்னால் மண்டியிட்டார். குழாயைத் துணியில் வைத்தார். அறை மூச்சு விடவில்லை, குறட்டைக்காரர் தவிர. ஐயா புருவத்தைச் சுருக்கினார். குழாயை இடம் மாற்றி வைத்தார். உதட்டைக் கடித்தார்.

"அய்யய்யோ" என்றார் மெதுவாக.

"என்ன ஐயா?" சித்தப்பா பதறினார்.

"உள்ள காகிதம் அழுவுது. நல்லாக் கேக்குது எனக்கு. 'சூடு தாங்கலே, சூடு தாங்கலே'ன்னு விம்முது."

"காகிதம்தானா ஐயா?" என்றாள் பட்டியல். "நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. வேற ஏதாவது அழுவுதா?"

"முப்பது வருஷமாக் கேக்கறேன் மகளே. காகிதம் அழுற சத்தம் எனக்குத் தெரியாதா?"

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பெட்டி மேடையேறியது. ஒயர் கம்பள ஓட்டைக்குள் போனது. மச்சான் வாசித்தார். தகரடப்பாவில் கல். "பார்த்தீங்களா, எவ்வளவு வேதனை!" என்றார் ஐயா. கூட்டம் உச்சுக்கொட்டியது. பட்டியலுக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. உள்ளே இருக்க முடியாத ஒன்று பேசுகிறதே! ஒருவேளை நேற்று நான்தான்...

ஐயா கோட்டுப்பையிலிருந்து தகட்டை எடுத்தார். ஊதினார். பெட்டியின் முதுகில் அழுத்தி ஒட்டினார். கையை உயர்த்தினார்.

மச்சான் தட்டினார். தும்ம்ம்! தரை அதிர்ந்தது. மேசையில் பேனா உருண்டது. மேடையோரம் தூங்கியவர் ஒரு விரற்கடை எழும்பி உட்கார்ந்தார். கூட்டம் கைதட்டியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழைப்புமணிக்காரர்.

"கேட்டீங்களா!" ஐயா கூட்டத்தைப் பார்த்து முழங்கினார். "அழுத காகிதம் சிரிக்குது! ஆனா ஒண்ணு. இருபத்தியொரு நாள் திருகை நாலுக்கு மேல திருப்பக்கூடாது. சூட்டு விரல் தொடவே கூடாது. அப்புறம் கிழிஞ்சா தகட்டைக் குத்தம் சொல்லாதீங்க."

நாலுக்கு மேல் திருப்பாவிட்டால் எது ஐயா கிழியும்? ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

சித்தப்பா பட்டியலைப் பார்த்தார். கோபமாக இல்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "பேஸைக் கொடும்மா" என்றார். "உன் வாயாலதான் சொன்ன."

"கொடுக்கறேன் சித்தப்பா. ஒரே ஒரு ஆசை. சிரிக்கிற காகிதத்த ஒரு தடவை கண்ணால பார்த்துக்கறேன்."

ஐயா சுதாரிப்பதற்குள் அவள் மேடையேறிவிட்டாள். இடுப்பிலிருந்து திருப்புளியை எடுத்தாள். ஒரு திருகு, இரண்டு திருகு. நேற்று மாலை முழுக்கப் பயிற்சி பெற்ற கை.

"தொடாதே! அலை கலைஞ்சிடும்!" ஐயா கத்தினார்.

"ஆறே திருகு, ஐயா. அலை கொஞ்சம் பொறுத்துக்கட்டும்."

செம்புத் தகட்டோடு பின்பலகை கழன்று வந்தது. அவள் கையை உள்ளே விட்டு முதலில் வெளியே இழுத்தது ஒரு தலையணை. நீலப் பூப்போட்டது. இரண்டாவதாக ஒரு பழைய இஸ்திரிப்பெட்டி. அப்புறம் ஒன்றும் இல்லை. பெட்டியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஸ்பீக்கர் இருக்க வேண்டிய வட்டத்தில் முன்துணி வழியாக வெளிச்சம் வந்தது.

"இப்பப் படிங்க சித்தப்பா."

சித்தப்பா உறையைக் கிழித்தார். மேடைக் குரல் எங்கோ போய்விட்டது. "பெட்டிக்குள் இருப்பவை. தலையணை ஒன்று, சலவைச் சீட்டு எண் இருநூற்றுப் பதினாலு, ஒன்றரை வருஷமாக யாரும் கேட்டு வரவில்லை. இஸ்திரிப்பெட்டி ஒன்று, பழுது, கனத்துக்காக. ஸ்பீக்கர்: இல்லை." நிமிர்ந்து பார்த்தார். தலையணையின் மூலையில் சீட்டு தொங்கியது. இருநூற்றுப் பதினாலு.

ஐயா சளைத்தவர் இல்லை. கையிரண்டையும் விரித்தார்.

"பார்த்தீங்களா மகிமையை! ஸ்பீக்கரே இல்லாம பாட வெச்சுட்டேன்! தலையணைக்கே சக்தி ஏத்திட்டேன்!"

கூட்டம் ஒரு கணம் தடுமாறியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், பின்வரிசையில் ஒருவர் கேட்டார்: "அந்தத் தலையணை எந்தக் கடையில கிடைக்கும்?"

இவ்வளவுக்குப் பிறகும் ஐயா தப்பிக்க இப்படி ஒரு வாசல் இருக்கும் என்று பட்டியல் நோட்டில் எழுதியிருக்கவில்லை.

"சரிங்க ஐயா" என்றாள். "தலையணைக்கு அழவும் தெரியும், பாடவும் தெரியும். அப்ப எங்க வெச்சாலும் பாடணும் இல்ல? சித்தப்பா, பெட்டியைத் தூக்கி வாசல்ல வைங்க. மச்சான் இங்கேயே வாசிக்கட்டும்."

"ஒயர் பத்தாது" என்றார் மச்சான் அவசரமாக. அந்த அறையில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சித்தப்பா பெட்டியைத் தூக்கினார். ஒயர் இழுபட்டது, சுலபமாக வந்தது, ஓட்டையிலிருந்து முழுசாக வெளியே வந்து விழுந்தது. அதன் மறுமுனையில் சொருகுமுனை எதுவும் இல்லை. ஒரு முடிச்சும், அந்த முடிச்சில் ஒரு வளைந்த ஆணியும்தான் இருந்தன. பதறிப்போன மச்சானின் விரல் தந்தியில் இடறியது.

தும்ம்ம்!

பெட்டி சித்தப்பாவின் கையில் இருந்தது. ஒயர் தரையில் கிடந்தது. சத்தம் மட்டும் வந்தது.

"யாருய்யா அது," என்று குறட்டைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார், "கீழேர்ந்து இடிச்சுக்கிட்டே இருக்கறது? நானும் அப்பலேர்ந்து பார்க்கறேன், மனுஷன ஒரு தூக்கம் தூங்க விடமாட்டீங்களா?"

அவர் மனைவிக்கு அன்று காலையிலிருந்து வரிசையில் நின்ற கோபம் இருந்தது. குனிந்து சிவப்புக் கம்பளத்தின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. மேடையின் பக்கவாட்டில் பலகைக் கதவு ஒன்று. அதைத் திறந்தால் உள்ளே ஒரு பெட்டி, ஆள் படுக்கும் அளவுக்குப் பெரியது. நிஜமான பேஸ் பெட்டி. அகலமான காகிதம், கனத்த விளிம்பு, முன்னும் பின்னும் நன்றாகப் போய்வரக் கூடியது. அதிலிருந்து ஒரு ஒயர் மச்சான் காலடிக்குப் போய்க்கொண்டிருந்தது. காலடியில் ஒரு திருகு. ஒரு பக்கம் திருப்பினால் தாழ்ந்த சுரம் அறுபட்டுத் தகரடப்பா, இன்னொரு பக்கம் திருப்பினால் மகிமை.

பட்டியல் அந்தப் பெரிய பெட்டியை வெளியே இழுக்கச் சொல்லிச் சுற்றி வந்து பார்த்தாள். மேலே, கீழே, முதுகில். பிறகுதான் சொன்னாள்.

"இதுல ஒரு தகடுகூட ஒட்டலையே ஐயா? இதுக்குக் கண்ணு படாதா?"

முதல் சிரிப்பு அழைப்புமணிக்காரரிடமிருந்து வந்தது. பிறகு அறை முழுக்கப் பிடித்துக்கொண்டது. சிரிப்பு அடங்கியதும் குரல்கள் வேறு மாதிரி ஆயின. "என் காசு", "என் பெட்டி", "என் மூணு செவ்வாய்க்கிழமை" என்று ஆளாளுக்கு நெருங்கினார்கள். ஐயா பின்வாசலைத் தேடினார். மச்சான் அதற்கு முன்பே தேடிக் கண்டுபிடித்திருந்தார். ஒயர் தெருவில் இழுபட, தோளில் மாட்டிய பேஸோடு அவர் ஓடிய வேகத்தைப் பார்த்தால் விரல் தவிர மற்றதெல்லாம் நல்ல சூடு.

வாசலில் சித்தப்பா வெற்றுப் பெட்டியை அணைத்தபடி நின்றார்.

"ஊருக்குத் தெரியாட்டி விடு. அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கும்மா" என்றார். "பேஸுக்கு பேஸ் பெட்டிதான் வேணும்னு."

"இந்தத் தெருவுலயே அது தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான் சித்தப்பா."

"நீ என்கிட்டச் சொன்னியேம்மா. நோட்டுல காட்டுன."

"காட்டுனேன். நீங்க உங்க பேரை மட்டும் படிச்சீங்க."

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கிழமை என்ன பண்றது? அவ்வளவு பெரிய பெட்டிக்கு எங்க போறது?"

"வாடகைக்குக் கிடைக்கும். கிடைக்கலன்னா இதுக்கே வேற ஸ்பீக்கர் மாட்டி நாலுல வெச்சு வாசிக்கறேன். நீங்க கொஞ்சம் மெதுவாப் பாடணும்."

"நான் மெதுவாப் பாடறதா?" என்று ஆரம்பித்தவர், அவள் நோட்டைத் திறப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி சரி. எழுதாதே. பாடறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள்தான் வாசித்தாள். எதுவும் கிழியவில்லை. அன்றைய பக்கத்தின் அடியிலும் "ஒருவேளை நான்தான் தப்போ?" என்றுதான் எழுதினாள். அதை யாரும் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் செவ்வாய்க்கிழமை அறையில் இருந்த எல்லாரும் அவளைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஐயாவோடு தன்னையும் சேர்த்துச் சந்தேகப்பட்டவள் அவள் ஒருத்தி. அதனால்தான் திருப்புளி அவள் கையில் இருந்தது.

அடுத்த செவ்வாய் அந்தத் தெரு காலியாகக் கிடந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இரண்டு தெரு தள்ளி, ஒழுகும் குழாய்களுக்கு வெள்ளித் தகடு கட்டும் அம்மா ஒருவர் வந்திருக்கிறாராம். வரிசை முனை திரும்பி அந்தத் தெருவுக்கே வந்துவிட்டது. போவதாக இருந்தால் போய் வாருங்கள், யாரும் தடுக்கவில்லை. அந்தப் பெட்டியைத் திறக்க ஆறு திருகுகளைக் கழற்ற வேண்டியிருந்தது. உங்கள் மண்டையைத் திறக்க ஒரு திருகும் கழற்ற வேண்டாம். 'அது எப்படி?' என்ற ஒரே ஒரு கேள்வி போதும். அதையாவது வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.